கையில் இருப்பது ஃபோன்தான் என்றால், அதிலேயே சி ஓட்டலாம்

திண்டுக்கல்லில் சாயங்கால வேளையில் பிசிஏ, பிஎஸ்சி முதல் வருடப் பிள்ளைகளுக்கு சி என்கிற ப்ரோகிராம் மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் இருக்கும் வீடுகளிலும் அது பேட்டரி செத்து பீரோ மேலே கிடக்கிறது. காலேஜ் லேபில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஒருவர் தட்டுவார், இன்னொருவர் வேடிக்கை பார்ப்பார். ஃபோன் மட்டும் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால் பாடத்தையே ஃபோனுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஃபோன்ல எல்லாம் சி ஓடுமா?" என்று கேட்கிறவர்கள் கம்பைலரை, அதாவது நாம் எழுதியதை மெஷின் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றுகிற ப்ரோகிராமை, நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடுகிற கம்பைலர், பல காலேஜ் லேபுகளில் இன்னும் இருக்கிற, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய ஆபரேட்டிங் சிஸ்டம்) காலத்துக் கம்பைலரான டர்போ சி-யைவிடப் பல தலைமுறை புதியது. பிழை இருந்தால் எந்த வரி, எத்தனையாவது எழுத்து என்று காட்டிக் கொடுக்கும். பிள்ளைகளின் நேரத்தைத் தின்பது கீபோர்டும், ஃபைலை வைக்கிற இடமும், எல்லாவற்றுக்கும் மேலாக லேப் மேனுவலும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில், உச்சரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவரிடம் எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்ல மாட்டேன். பிரவுசரில் ஆன்லைன்ஜிடிபி மாதிரி ஒரு தளத்தைத் திறந்து, மொழி சி என்று இருக்கிறதா பார்த்துவிட்டு, நாலு வரி எழுதி ரன் அழுத்தினால் போதும். தான் எழுதியது ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஆனால் அங்கேயே தங்கக் கூடாது. நெட் இல்லாத நேரத்தில் அது உதவாது என்பது ஒரு காரணம். இன்னொன்று இன்புட் சமாச்சாரம். இந்த மாதிரித் தளங்கள் சிலவற்றில் ப்ரோகிராம் கேட்கப்போகிற எண்களை முன்கூட்டியே ஒரு பெட்டியில் எழுதி வைத்துவிட்டுத்தான் ரன் அழுத்த வேண்டும். பெட்டி காலியாக இருந்தால், இன்புட்டைப் படிக்கிற ஃபங்ஷனான ஸ்கேன்எஃப் எதையும் படிக்காமல் திரும்பிவிடும். கூட்ட வேண்டிய இரண்டு வேரியபிளிலும் என்ன குப்பை கிடந்ததோ அதைக் கூட்டி ஏதோ ஒரு விடை வரும். பிள்ளை பார்த்துவிட்டு "இந்த வெப்சைட் சரியில்லக்கா" என்று அடுத்த தளத்துக்குப் போய்விடும். ஸ்கேன்எஃப் ஒரு எண்ணைத் திருப்பித் தரும், எத்தனை மதிப்புகளைச் சரியாகப் படித்தது என்று அது சொல்லும். இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவது நல்லது. பல புத்தகங்கள் கடைசி வரை சொல்வதே இல்லை.

தனி ஆப் வேண்டுமென்றால் சிஎக்ஸ்எக்ஸ்ட்ராய்ட் இருக்கிறது. நெட் இல்லாமலே ஓடும், எழுதும் இடமும் ரன் பட்டனும் ஒரே திரையில். கமாண்டைக் கண்டால் மிரளுகிறவர்கள் அதில் தொடங்கலாம். நான் பரிந்துரைப்பது டெர்மக்ஸ். அது ஃபோனுக்குள் ஒரு லினக்ஸ் டெர்மினலைத் தருகிறது. எடிட்டர், கம்பைலர், ஓடும் ஃபைல் மூன்றும் தனித்தனிச் சங்கதி என்பது அதில்தான் கைக்குப் பழகும். ரன் பட்டனை மட்டுமே அழுத்திப் பழகியவருக்கு கம்பைல் என்பதும் ரன் என்பதும் வேறு வேறு என்று விளங்கவே மாதக்கணக்கில் ஆகிறது.

டெர்மக்ஸை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ப்ளே ஸ்டோரில் இருந்த பதிப்பு 2020-க்குப் பிறகு வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாமலே கிடந்தது. ஆண்ட்ராய்டு 10-இல் வந்த ஒரு பாதுகாப்பு விதிதான் காரணம்: புதிய விதிக்கு உட்பட்ட ஆப், தான் எழுதிய ஃபைலைத் தானே ஓட்டக் கூடாது. டெர்மக்ஸின் வேலையே அதுதானே! அந்தப் பழைய பதிப்பைப் போட்டுவிட்டு, எந்த பேக்கேஜும் இறங்கவில்லை என்று வந்தவர்கள் அநேகம். எஃப்-ட்ராய்ட் என்கிற ஓப்பன் சோர்ஸ் ஆப் தளத்திலிருந்து எடுங்கள். ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். திறந்ததும் பிகேஜி அப்கிரேட், பிறகு பிகேஜி இன்ஸ்டால் கிளாங். கிளாங்தான் கம்பைலர். அது சில நூறு எம்பி இடம் கேட்கும், ஆகவே வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். ஜிசிசி என்று தட்டிப் பழகியவர்கள் அப்படியே தட்டலாம், டெர்மக்ஸில் அந்தப் பெயரும் கிளாங்கையே கூப்பிடும்.

இனி ஃபைல் இருக்கும் இடம். டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ் என்று கொடுத்தால் ஃபோனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் டெர்மக்ஸுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பிள்ளைகள் உடனே அங்கே ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் எழுதுவார்கள். கம்பைல் ஆகும், ஏ.அவுட் என்று ஃபைலும் வந்துவிடும். ஓட்டினால் பெர்மிஷன் டினைட். யூடியூபைப் பார்த்து, ஃபைலின் அனுமதியை மாற்றுகிற சிஎச்மாட் கமாண்டைக் கொடுத்துப் பார்ப்பார்கள், அதற்கும் அசையாது. டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் இருக்கும் பொது ஸ்டோரேஜில் உள்ள எந்த ஃபைலையும் நேராக ஓட்ட ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. அங்கே அனுமதியை மாற்றவும் முடியாது. டெர்மக்ஸ் திறந்ததும் நிற்கிற அதன் ஹோம் ஃபோல்டரில்தான் ஓட்ட முடியும். சோர்ஸ் ஃபைல் டவுன்லோட்ஸில் இருந்துவிட்டுப் போகட்டும். ஓடும் ஃபைலை மட்டும், அது எந்தப் பெயரில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற -ஓ போட்டு ஹோமுக்கு அனுப்புங்கள். ரூட் செய்தால்தான் (ஃபோனின் பூட்டுகளை உடைத்து முழு அதிகாரம் எடுத்தால்தான்) இது ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பி ஃபோனைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹோமுக்குள் எழுதுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் ஹோமில் இருக்கும் எல்லாம் அதோடு போய்விடும். ஃபோனில் இடம் இல்லை என்று எதையாவது அழிக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆகவே சோர்ஸ் ஃபைல்களின் நகல் ஒன்று டவுன்லோட்ஸில் இருக்கட்டும்.

நான் எல்லோருக்கும் மனப்பாடம் செய்ய வைக்கிற ஒரே கமாண்ட் இது: கிளாங் -டபிள்யூஆல் கூட்டல்.சி -ஓ கூட்டல் && ./கூட்டல். டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. நடுவில் இருக்கிற && தான் இதில் முக்கியம். அது இல்லாமல் கம்பைலைத் தனியாகவும் ரன்னைத் தனியாகவும் கொடுக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் நடக்கும். கம்பைலில் எர்ரர் வரும், கவனிக்க மாட்டார்கள். ./கூட்டல் கொடுப்பார்கள். நேற்று கம்பைல் ஆன பழைய ஃபைல் ஓடி, பழைய விடையையே காட்டும். "மாத்தினேனேக்கா, மாறவே மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். && போட்டால் கம்பைல் ஒழுங்காக முடிந்தால்தான் ஓடும். அடுத்த முறை மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் அதே வரி வந்து நிற்கும்.

-டபிள்யூஆல் எதற்கு? முக்கியமான வார்னிங்குகளைக் காட்டச் சொல்வதற்கு. "வார்னிங்தானேக்கா, ஓடுதே" என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஸ்கேன்எஃப்பில் & போட மறந்தால் கிளாங் எர்ரர் சொல்லாது; இங்கே முகவரி வர வேண்டும், நீ எண்ணைக் கொடுத்திருக்கிறாய் என்று வார்னிங்தான் தரும். ஓட்டினால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டாய்) என்று ஒற்றை வரியோடு படுத்துவிடும். டர்போ சி ஓடுகிற டாஸ் உலகத்தில் மெமரிக்குக் காவல் கிடையாது. அங்கே அதே தப்பு எங்கேயோ போய் எதையோ எழுதிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடியும் விடும். ஃபோன் கண்டிப்பான வாத்தியார். சி படிக்கிறவருக்கு அதுதான் நல்லது என்பது என் கட்சி.

கீபோர்டுக்கு வருகிறேன். டெர்மக்ஸுக்குள் நேராகத் தட்டினால் தானாகத் திருத்துகிற தொல்லை பெரும்பாலும் இருக்காது. அடியில் இஎஸ்சி, டேப், கன்ட்ரோல், அம்புக்குறிகள் கொண்ட ஒரு வரிசையும் இருக்கும். வால்யூம் குறைக்கிற பட்டனே கன்ட்ரோலாக வேலை செய்யும்: அதைப் பிடித்துக்கொண்டு சி தட்டினால், முடிவில்லாமல் சுற்றுகிற லூப் நிற்கும். வொயில் லூப்பில் ஐ-யைக் கூட்ட மறந்து ஃபோன் கையில் சுடச் சுடக் காத்திருப்பவர்களுக்கு இது முதலில் தெரிய வேண்டும்.

பிரச்சினை வேறு இடத்தில் தட்டிக் கொண்டுவந்து ஒட்டும்போதுதான். நோட்ஸ் ஆப்பில் எழுதினால் வரியின் முதல் எழுத்து தானாகப் பெரிதாகும். அச்சிடுகிற ஃபங்ஷனான பிரிண்ட்எஃப் பெரிய 'பி'-யோடு நிற்கும். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று கிளாங் சொல்லும். பிள்ளை திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், எழுத்து எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் புள்ளி விழும். எல்லாவற்றிலும் மோசம் வளைந்த மேற்கோள் குறி. பிடிஎஃப்பிலிருந்தோ வேர்டு ஃபைலிலிருந்தோ காப்பி செய்தால் திறக்கும் குறி ஒரு பக்கமும் மூடும் குறி மறு பக்கமும் வளைந்து, அச்சுக்கு அழகாக இருக்கும். சி-க்கு நேரான குறிதான் தெரியும். சின்னத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே படாது. எதிர்பாராத எழுத்து என்று கிளாங் ஒரு யூ+201சி என்கிற எண்ணைச் சொன்னால் இதுதான் விஷயம். அந்தக் குறிகளை அழித்துவிட்டு உங்கள் கையால் தட்டுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ப்ரோகிராம் அனுப்புகிற வழக்கத்தை நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருப்பதை அது தடித்த எழுத்தாக்கிக் குறியை மறைத்துவிடும். சி-யில் பெருக்கலும் பாயின்டரும் அந்தக் குறிதானே! அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டவர் கதி என்ன? ஃபைலையே டாக்குமெண்டாக அனுப்பினால் வம்பில்லை.

எர்ரரைப் படிக்கிற விதத்துக்கும் ஃபோனில் ஒரு தனிப் பாடம் உண்டு. கூட்டல்.சி:5:22 என்று கிளாங் காட்டினால் 5-ஆவது வரி, 22-ஆவது எழுத்து என்று பொருள். அதன் கீழே அந்த வரியைக் காட்டி, சரியாகத் தப்பு இருக்கும் எழுத்துக்கு அடியில் ஒரு ^ குறி வைக்கும். ஆனால் ஃபோனை நேராகப் பிடித்திருந்தால் நீளமான வரி உடைந்து இரண்டாவது வரிக்குப் போகும். குறியும் உடைந்து, சம்பந்தமில்லாத எழுத்துக்கு அடியில் போய் உட்காரும். பிள்ளைகள் அந்த எழுத்தைத் திருத்துவார்கள், நன்றாக இருந்த வரி கெட்டுப்போகும். ஃபோனைப் படுக்கவாட்டில் திருப்புங்கள், அல்லது இரண்டு விரலால் கிள்ளி எழுத்தைச் சின்னதாக்குங்கள். குறி தன் இடத்துக்கு வந்துவிடும். இதைக் காட்டியதும் ஒரு பொண்ணு, "இத்தனை நாளா இந்தக் குறி சும்மா டிசைன்னு நெனச்சேங்க்கா" என்றாள்.

ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் திரை நிறைய எர்ரர் கொட்டும். கடைசியில் இருப்பதுதான் கண்ணில் படும், அதைத்தான் எல்லோரும் முதலில் திருத்தப் பார்ப்பார்கள். மேலே உருட்டிப் போய் முதல் எர்ரரை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். உருட்டச் சோம்பலாக இருந்தால் -டபிள்யூஃபேட்டல்-எர்ரர்ஸ் சேர்த்துக்கொள்ளலாம், இதிலும் டபிள்யூ பெரிய எழுத்து. முதல் எர்ரரோடு அது நின்றுவிடும். இப்போதெல்லாம் பிள்ளைகள் எர்ரர் வந்த நொடியில் அதை ஏஐ ஆப்பில் ஒட்டுகிறார்கள். நான் தடுப்பதில்லை, ஆனால் வரி எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஒட்டலாம் என்று வைத்திருக்கிறேன். பாதி நேரம் வரியைப் பார்த்ததுமே ஒட்ட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

இனி லேப் மேனுவல். "அக்கா, புக்ல இருக்குறத அப்படியே தட்டுனேன். மொத வரியிலயே நிக்குது." புதிதாக வருகிற ஒவ்வொருவரும் சொல்வது இதுதான். முதல் வரிகளில் ஒன்று கோனியோ.எச். அது டாஸ் காலத்துக் கம்பைலர்களோடு வந்த ஹெடர். சி-யின் தரத்தில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. டெர்மக்ஸில் அந்த ஃபைலே கிடையாது. அந்த வரியைத் தூக்குங்கள். திரையைத் துடைக்கிற சிஎல்ஆர்எஸ்சிஆர் வரியையும், கடைசியில் நிற்கிற கெட்சிஎச் வரியையும் தூக்குங்கள். கெட்சிஎச் அங்கே இருந்ததன் ஒரே நோக்கம், விடை தெரிந்ததும் திரை பட்டென்று மறைந்துவிடாமல் ஒரு சாவி அழுத்தும் வரை காத்திருப்பது. டெர்மினலில் விடை மறையாது. வாய்ட் மெயின் என்பதை இன்ட் மெயின் ஆக்குங்கள். வெறும் மெயின் என்று மட்டும் எழுதியிருந்தால், கிளாங் 16-லிருந்து அது எர்ரராகவே நிற்கும். முன்பே அறிவிக்காத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதும் அப்படியே; எஸ்டிடிஐஓ.எச் சேர்க்க மறந்தால் பிரிண்ட்எஃப்பிலேயே நிற்கும். கெட்ஸ் 2011 தரத்திலேயே சி-யை விட்டு வெளியேறிவிட்டது, அதன் இடத்தில் எஃப்கெட்ஸ். இதற்குப் பிறகும் அடுக்குக் கணக்குப் போடுகிற பவ் என்கிற ஃபங்ஷனைத் தெரியாது என்று லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கிற ப்ரோகிராம்) சொன்னால், கணித லைப்ரரிக்காக வரியின் கடைசியில் -எல்எம் சேர்க்க வேண்டும்.

64 பிட் விண்டோஸில் 16 பிட் ப்ரோகிராம் ஓடாது. ஆகவே லேபில் டாஸ்பாக்ஸ் என்று ஒரு பொம்மை டாஸை ஓட்டி, அதற்குள் 1990-களின் கம்பைலரை ஓட்டுகிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மேனுவல், வினாத்தாள், தேர்வு நடைமுறை எல்லாம் அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டமைப்பின் தடயம் விடையிலும் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஃபேக்டோரியல் (1-இலிருந்து ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) ஒன்று போதும்.

இன்ட் என்றால் 2 பைட் என்று மேனுவலில் போட்டிருக்கும். டர்போ சி-யில் அது உண்மை. -32768-இலிருந்து 32767 வரைதான் கொள்ளும். அதனால் அங்கே 7-இன் ஃபேக்டோரியல் 5040 சரியாக வரும். 8 கொடுத்தால் 40320-க்குப் பதில் -25216 வரும். ஃபோனில் இன்ட் 4 பைட். 8, 9, 10 எல்லாம் சரியாகப் போகும். 12 கொடுத்தால் 479001600, அதுவும் சரி. 13 கொடுங்கள்: 1932053504 என்று வரும். மைனஸ் இல்லை, எண்ணும் பெரிதாக இருக்கிறது. பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். ஆனால் 13-இன் ஃபேக்டோரியல் 6227020800. கால்குலேட்டர் ஆப்பைத் திறந்து அதிலிருந்து 4294967296-ஐக் கழிக்கச் சொல்வேன். கழித்ததும் 1932053504 வந்து நிற்கும். 32 பிட்டுக்குள் கொள்ளாதது வெட்டுப்பட்டு மீதி மட்டும் நிற்கிறது என்பதை அந்த நிமிடத்தில் அவர்களே சொல்லிவிடுவார்கள். லாங் லாங் என்று மாற்றினால் 20 வரை தாங்கும், 21-இல் மறுபடி உடையும். டேட்டா டைப் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்த வருடங்களில் இந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் நடக்கவில்லை.

இன்னொன்று ஃபோனுக்கே உரியது. தட்டியதில் எத்தனை எழுத்து என்று எண்ணுகிற ப்ரோகிராம் எல்லா மேனுவலிலும் உண்டு. கேர் சி என்று ஒரு வேரியபிளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற கெட்கேர் தருவது இஓஎஃப் (இன்புட் முடிந்தது என்று சொல்கிற மதிப்பு) ஆகும் வரை சுற்று என்று எழுதியிருப்பார்கள். லேபில் நன்றாக ஓடும். ஃபோனில் இன்புட் முடிந்தது என்று கன்ட்ரோல்-டி கொடுத்தாலும் முடியாமல் தொங்கும். இஓஎஃப்பின் மதிப்பு -1. டர்போ சி-யில் கேர் மைனஸ் எண்ணையும் வைத்துக்கொள்ளும். ஏஆர்எம் சிப் உள்ள ஆண்ட்ராய்டில் வெறும் கேர் என்றால் 0-இலிருந்து 255 வரைதான். அதில் -1-ஐப் போட்டால் 255 ஆகிவிடும், 255 எந்தக் காலத்திலும் -1-க்குச் சமமாகாது. இந்த ஒப்பீடு எப்போதும் உண்மைதான் என்று கிளாங்கும் ஒரு வார்னிங் தரும், படிப்பவர்கள்தான் இல்லை. அந்த வேரியபிளை இன்ட் என்று அறிவித்தால் இரண்டு இடத்திலும் ஓடும். கெட்கேர் திருப்பித் தருவதே இன்ட்தான். அந்தக் காரணத்தைக் கேட்டால் மேனுவலில் பதில் இருக்காது.

லேபில் செய்ய முடியாத ஒரு விளையாட்டு: ஃபோனில் மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதலாம். வணக்கம் என்று அச்சிடச் சொன்னால் அச்சிடும். முதல் தடவை பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உடனே அடுத்ததைக் கொடுப்பேன்: அதற்கு எஸ்டிஆர்லென், அதாவது நீளம், எவ்வளவு? எல்லோரும் 5 என்பார்கள். ஓட்டினால் 21. யூனிகோடில் வணக்கம் ஏழு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. 'க்'-இல் க ஒன்று, புள்ளி ஒன்று. 'ம்'-உம் அப்படியே. ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்டை. எழுத்து என்ற ஒன்று அதற்குத் தெரியாது. பாலிண்ட்ரோம் ப்ரோகிராமுக்கு மேடம் என்ற ஆங்கிலச் சொல்லையே கொடுத்துப் பழகியவர்களிடம் விகடகவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். இல்லை என்று சொல்லும்! பைட்டைத் திருப்பினால் குப்பை. ஏழு குறிகளாகப் பிரித்துத் திருப்பினாலும் 'வி'-யின் இகரக் குறி 'வ'-வுக்கு முன்னால் வந்துவிடுவதால் பொருந்தாது. எழுத்தாகப் பிரிக்கத் தெரிந்தால்தான் ஆம் என்று வரும். முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கேர் என்பது எழுத்து என்று நம்பிக்கொண்டே டிகிரி முடிப்பதைவிட மேல்.

ஸ்கேன்எஃப்பில் எண்ணைப் படித்த பிறகு ஒரு எழுத்தைப் படித்தால் ப்ரோகிராம் காத்திருக்காமல் தாண்டி ஓடும் கதை எல்லா மெஷினிலும் உண்டு. எண்டர் தட்டியது உள்ளே நின்றுகொண்டிருக்கும், அதையே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் சரியாகும்.

ஐஃபோன்காரர்கள் என்னிடம் குறைவு. அவர்களுக்கு டெர்மக்ஸ் கிடையாது. ஏ-ஷெல் என்ற ஆப்பில் கிளாங் இருக்கிறது, அது சி-யை வெப்அசெம்ப்ளியாக மாற்றி ஓட்டும். ஐஎஸ்எச் என்பது ஃபோனுக்குள் ஒரு போலிக் கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் ஆல்பைன் லினக்ஸை ஓட்டுவது, மெதுவாக இருக்கும், பயிற்சிக்குப் போதும். ஐஃபோனில் எழுதும்போது செட்டிங்ஸில் ஸ்மார்ட் பங்ச்சுவேஷனை முதலில் அணைத்துவிடுங்கள். வளைந்த குறியின் ஊற்றே அதுதான்.

முப்பது, நாற்பது வரி வரை ஃபோன் கீபோர்டே போதும். ஸ்ட்ரக்சர், ஃபைல் என்று போனதும் விரல் வலிக்கும். ஒரு ஓடிஜி கேபிள் வாங்கி, எங்காவது கிடக்கிற யூஎஸ்பி கீபோர்டைச் செருகுங்கள். ஃபோனில் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அடைப்புக்குறி, செமிகோலன் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் ப்ராக்டிகல் அன்று லேபில் தடுமாற்றம் இருக்காது.

அந்த ப்ராக்டிகலுக்கு முந்தின வாரம் மட்டும் எல்லோரையும் திரும்ப டர்போ சி-க்குத் தயார் செய்வேன். ஃபோனில் பழகிய சில விஷயங்கள் அங்கே செல்லாது. ஃபார் லூப்பின் அடைப்புக்குள்ளேயே இன்ட் ஐ என்று அறிவித்தால் அங்கே எர்ரர். வேரியபிள் எல்லாம் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். லாங் லாங் கிடையாது. ஃபேக்டோரியலுக்கு எக்ஸாமினர் 8 கொடுத்தால் மைனஸில் வரும், ஆகவே லாங் போட்டு, அச்சிடும்போது சதவீதக் குறிக்கும் டி-க்கும் நடுவில் எல் சேர்க்க வேண்டும். செமிகோலன் விட்டுப்போனால் கிளாங் அந்த வரியின் கடைசியையே காட்டும். டர்போ சி அடுத்த வரியைக் காட்டும், ஆகவே காட்டிய வரிக்கு ஒரு வரி மேலேயும் பாருங்கள். கம்பைலுக்கு ஆல்ட்-எஃப்9, ரன்னுக்கு கன்ட்ரோல்-எஃப்9. கெட்சிஎச் போட மறந்து விடை மின்னி மறைந்துவிட்டால் பதற வேண்டாம், ஆல்ட்-எஃப்5 அழுத்தினால் அந்தத் திரை திரும்ப வரும்.